டார்ட்மூர் ரீவ்கள்: புல் மூடிக் கிடக்கும் வெண்கலக் காலத்து வயல் வரப்புகளைக் கண்டுகொள்வதும் காப்பதும்

#1 கல்வரப்பு

இந்த மன்றத்தின் தொல்லியல் பகுதியில் கோட்டைக்கு விவாத இழை இருக்கிறது, கோயிலுக்கு இருக்கிறது, கல்வெட்டுக்கு இருக்கிறது. வயல் வரப்புக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் இது.

இடம் இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் பகுதியிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலம். கருங்கல் பூமி, மேலே பீட் மண் (முழுதும் மக்காத செடிகொடி சேர்ந்த கரிமண்), ஓயாத மழை. அங்கே மேய்ச்சல் புல்லுக்கு அடியில் நேர்கோடாக ஓடும் தாழ்ந்த மேடுகளை ரீவ் என்கிறார்கள். பல இடங்களில் உயரம் அரை மீட்டருக்கும் குறைவு. அகலம் இரண்டு மீட்டர் சொச்சம். கல் சரிந்து, மண் சேர்ந்து, புல் மூடிவிட்டதால் வெறும் மண்மேடு போலத்தான் தெரியும். கி.மு. 1700-க்கும் 1500-க்கும் இடைப்பட்ட காலத்து வயல், மேய்ச்சல் எல்லைகள் இவை. இப்படிப் பிரிக்கப்பட்ட நிலம் சுமார் 10,000 ஹெக்டேர்.

அமைப்பு எளிது. இணையான வரப்புகள் ஒரே திசையில் நெடுக ஓடும். நடுநடுவே குறுக்கு வரப்பு. மேட்டுப் பக்கம் ஒரு நீண்ட எல்லை வரப்பு எல்லாவற்றையும் அடைத்து நிறுத்தும். அதற்கு அப்பால் பொது மேய்ச்சல். ஹோன் மூரில் வென்ஃபோர்ட் ரீவ் அப்படிப்பட்ட எல்லை வரப்பு. மேற்கே கிரேட் வெஸ்டர்ன் ரீவ் மட்டும் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். டார்ட்மீட் தொகுதியின் வரப்புகள் டார்ட் ஆற்றின் செங்குத்துப் பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர்க்கரையில் அதே திசையைப் பிடித்து மறுபடி ஏறுகின்றன. ஆளாளுக்கு வேலி போட்டால் இப்படி வராது. ஊர் கூடி அளந்து திட்டம் போட்ட வேலை.

19-ஆம் நூற்றாண்டில் இவற்றைப் பார்த்தவர்கள் பழைய பாதை என்று எழுதி வைத்தார்கள். 1970-களில் தொல்லியலாளர்கள் ஆண்ட்ரூ ஃபிளெமிங், ஜான் காலிஸ் இருவரும் நடந்து நடந்து வரைபடம் போட்ட பிறகுதான் வயல் அமைப்பு என்பது உறுதியானது.

பேச வேண்டியவை: விமானத்திலிருந்து லேசர் அடித்துத் தரை உயரத்தை அளக்கும் லைடாரில் எப்படிப் பிடிப்பது, தரையில் எதை எதோடு குழப்பிக்கொள்கிறோம், புதரும் மாடும் என்ன செய்கின்றன, சிதைந்த இடத்தை எப்படிச் சரிசெய்வது. படம் மட்டும் போட்டு "அருமை" என்று எழுதுபவர்களுக்கு வேறு இழைகள் உண்டு.

#2 கோட்டுரு

லைடார் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 1 மீட்டர் லைடார் தரவை இலவசமாகத் தருகிறது. இரண்டு வகை இருக்கும்: மரம், கட்டடம் எல்லாம் சேர்ந்த மேற்பரப்பு மாதிரி, அவற்றை நீக்கிய தரை மாதிரி. நமக்குத் தரை மாதிரி. 5 கிலோமீட்டர் சதுரத் துண்டுகளாக வரும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, விர்ச்சுவல் ராஸ்டராக, அதாவது ஒரே படமாக, ஒட்டிக்கொள்ளுங்கள். ஆய அமைப்பு 27700 (பிரிட்டனின் தேசியக் கட்டம்) என்று இருக்கிறதா பாருங்கள்.

அடுத்து ஹில்ஷேட், அதாவது ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுவதுபோல் நிழலிட்ட படம். மென்பொருள் தானாகக் கொடுப்பது வடமேற்கிலிருந்து 45 பாகை உயரத்தில் வெளிச்சம். 40 சென்டிமீட்டர் மேட்டுக்கு அது உச்சி வெயில் மாதிரி, ஒன்றும் தெரியாது. வெளிச்ச உயரத்தை 15 பாகைக்கு இறக்குங்கள். செங்குத்து அளவை 3 மடங்காக்குங்கள். பிறகு திசையை மாற்றி இன்னொரு படம் கட்டாயம். வெளிச்சம் வரும் திசைக்கு இணையாக ஓடும் வரப்பு நிழல் விழாமல் காணாமலே போகும். ரீவ் தொகுதி முழுக்க ஒரே திசையில் ஓடுவதால், திசை தவறினால் ஒரு வயல்வெளியே மறைந்துவிடும். குறுக்கு வரப்புகள் மட்டும் துண்டு துண்டாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "இங்கே தொகுதி இல்லை" என்று முடிவுகட்டுகிறார்கள்.

இந்தத் திசைத் தொல்லை இல்லாத வழி ஸ்கை வியூ ஃபேக்டர்: ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வானம் எவ்வளவு தெரியும் என்ற கணக்கு. ஸ்லோவேனிய ஆய்வு நிறுவனம் ஒன்று தரும் ஆர்விடி என்ற இலவசக் கருவியில் இருக்கிறது. தேடல் ஆரம் 10 மீட்டர், 16 திசை போதும். ஆரத்தைக் கூட்டினால் மலைச்சரிவே படத்தை ஆக்கிரமித்துக்கொள்ளும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2 மீட்டர் அகல வரப்பு என்பது இந்தத் தரவில் இரண்டே புள்ளி. தொடர்ச்சியாக 100 மீட்டர் ஓடினால் நம்பலாம். 15 மீட்டர் துண்டை வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பு அறிவிக்க வேண்டாம்.

#3 சிவகாமி_க

கோட்டுரு சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். கோர்ஸ் முட்புதர் அடர்த்தியா இருந்தா லேசர் தரையைத் தொடாது. புதரின் உச்சியையே தரைன்னு மென்பொருள் எடுத்துக்கும். வட்ட வட்டமா மேடு வரும், புதைமேடுன்னு நினைச்சுப்பாங்க. மேற்பரப்பு மாதிரியையும் தரை மாதிரியையும் கழிச்சுப் பாருங்க. அந்த இடத்தைச் சுத்தி மட்டும் ஒழுங்கில்லாம இருந்தா அது செடி.

டார்ட்மூரில் ரீவோடு குழம்புறவை இவை:

நீர்க்கால்வாய். அங்கே லீட் என்பாங்க. சமஉயரக் கோட்டை ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு மெல்ல இறங்கும், தோண்டின மண் பள்ளப் பக்கம் மட்டும் கிடக்கும். ரீவ் சமஉயரக் கோட்டைப் பத்திக் கவலையே படாம நேரா வெட்டிக்கிட்டுப் போகும்.

வெள்ளீயம் அலசின குவியல்கள். ஓடைப் படுகையில், ஒண்ணுக்குப் பக்கத்தில ஒண்ணா, வளைஞ்ச வரிசையா இருக்கும். மேட்டுச் சரிவில் வராது.

முயல் மேடு. டிட்ஸ்வர்தி, ட்ரௌல்ஸ்வர்தி பக்கம் முயல் வளர்க்கக் கட்டினது. நீளம் குறைவு, சுருட்டு வடிவம், சுத்திலும் வாய்க்கால். ரீவுக்கு முடிவு என்பது இன்னொரு ரீவ்தான். இது தனியா நிக்கும்.

பீட் வெட்டின தடம். செவ்வகப் படிக்கட்டு மாதிரி. மேடு கிடையாது, ஒரு பக்கம் மட்டும் இறக்கம்.

தரையில் பார்க்க நல்ல காலம் பிப்ரவரி கடைசி, மார்ச். பிராக்கன் பெரணி இன்னும் முளைக்காது, மொலினியா புல் செத்துப் படுத்திருக்கும், வெயில் தாழ்வா விழும். ஜூலையில் போனா பெரணிதான் தெரியும், இடுப்பளவுக்கு.

#4 டெவன்தமிழ்

சிவகாமி அக்கா விட்ட ஒன்று கார்ன் டிச். இதுதான் அதிகம் குழப்புவது, ஏனென்றால் இதுவும் வயல் எல்லையேதான். காலம் மட்டும் இடைக்காலம். டார்ட்மூரின் நடுப்பகுதி அரச வேட்டைக்காடாக இருந்தபோது மான் பயிருக்குள் வராமல் தடுக்கக் கட்டியது.

குறுக்குவெட்டைப் பார்த்தால் சந்தேகமே வராது. காட்டுப் பக்கம் பள்ளம், அதை ஒட்டி நிமிர்ந்த கல்முகம். வயல் பக்கம் சாய்வான மண். மான் வெளியிலிருந்து தாவ முடியாது. தவறி உள்ளே வந்துவிட்டால் சாய்வில் ஏறி வெளியே குதித்துவிடும். ரீவுக்கு இந்த ஒருதலைச் சாய்வு கிடையாது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி சரிந்திருக்கும்.

ஆனால் ஹோன் மூரில் இடைக்கால உழவர்கள் பழைய ரீவ் மேலேயே தங்கள் வரப்பைப் போட்டிருக்கிறார்கள். ஒரே கோட்டில் 200 மீட்டர் ரீவ், அடுத்த 200 மீட்டர் இடைக்கால வரப்பு என்று வரும். ஒரு இடத்தில் குறுக்குவெட்டைப் பார்த்துவிட்டு முழுக் கோட்டுக்கும் காலம் சொல்லாதீர்கள். சேரும் முனைகளைப் பாருங்கள்: எது எதன் மேல் ஏறுகிறது, எது எதில் வந்து முட்டி நிற்கிறது. வட்டக் குடிசையின் சுவர் வரப்போடு பிணைந்திருக்கிறதா, வரப்பு குடிசையைச் சுற்றி வளைகிறதா. வரைபடம் போடும்போது சரிவுக் கோடுகளின் தடித்த தலை மேட்டின் உச்சியில், வால் அடிவாரத்தில். இதை மாற்றி வரைந்தால் மேடு பள்ளமாகிவிடும். இணையத்தில் சுற்றும் பல படங்களில் அந்தக் கோளாறு இருக்கிறது.

#5 பனிமலர்

கிரிம்ஸ்பவுண்டும் இதே வகையா? அதைக் கோட்டை என்று ஒரு பயணத் தளத்தில் எழுதியிருக்கிறார்கள்.

#6 டெவன்தமிழ்

கோட்டை இல்லை. அது பட்டி. ஹேமல்டவுன் டோர், ஹுக்னி டோர் என்ற இரு பாறைக் குன்றுகளுக்கு நடுவிலுள்ள தாழ்வில் சுமார் ஒன்றரை ஹெக்டேரைச் சுற்றிக் கற்சுவர், உள்ளே 24 வட்டக் குடிசைகள். வாசல் மேட்டுச் சரிவைப் பார்த்து இருக்கிறது. மேலிருந்து கல்லை உருட்டிவிட்டால் நேராக வாசலுக்கு வரும். பாதுகாப்புக்குக் கட்டுபவன் அங்கே வாசல் வைக்க மாட்டான். மேய்ச்சலிலிருந்து மாட்டை ஓட்டி வருபவன் வைப்பான்.

அங்கே கண்ணில் படுவதை அப்படியே நம்பவும் கூடாது. 1894-இல் டார்ட்மூர் ஆய்வுக் குழு, பேரிங்-கூல்ட், பர்னார்ட் முதலியோர் தோண்டியபோதே சில பகுதிகளை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். வாசலின் அழகைப் பார்த்து வெண்கலக் காலத்துக் கொத்தனாரைப் புகழும் முன் அதை நினைவில் வையுங்கள். ரீவ்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. யாரும் மெனக்கெட்டு அவற்றை மீண்டும் கட்டவில்லை.

#7 பனிமலர்

நன்றி. இன்னொன்று. மண்மேடு மழையில் கரைந்துவிடாதா? 3,500 வருடம் எப்படி நிற்கிறது?

#8 தொல்நிலம்

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வில்ட்ஷயரில் ஓவர்ட்டன் டவுன் என்ற சுண்ணாம்பு மேட்டில் 1960-இல் ஒரு புதிய கரையும் பள்ளமும் வேண்டுமென்றே கட்டினார்கள். 2, 4, 8, 16, 32, 64, 128 ஆண்டுகளில் ஒவ்வொரு துண்டாக வெட்டிப் பார்ப்பது திட்டம். 1963-இல் டோர்செட்டில் வேர்ஹம் அருகே அமில மணலில் இரண்டாவது ஒன்று. தெரிந்தது என்னவென்றால், மாற்றம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. பள்ளத்தின் ஓரங்கள் உறைபனியில் உதிர்ந்து அடியை நிரப்புகின்றன, கரை தன் எடையில் அமுங்குகிறது, சரிவு ஒரு நிலைக்கு வந்ததும் புல் பிடிக்கிறது. புல் பிடித்த பிறகு நகர்வது மிகக் குறைவு. ஆகவே மழை எதிரி அல்ல. புல்தோல் கிழிவதுதான் எதிரி. கிழிப்பது குளம்பு, முயல், வளைக்கரடி (பேட்ஜர்), ட்ராக்டர் சக்கரம், நடைபயணி செருப்பு.

டார்ட்மூரில் வரப்புக்கு அடியில் இருப்பது வரப்பைவிட மதிப்புள்ளது. கட்டிய அன்று இருந்த நிலப்பரப்பு மூடி முத்திரையிட்டதுபோல் கிடக்கிறது. அதில் மகரந்தம் இருக்கும், பாஸ்பேட் அளவு மாட்டுச் சாணம் எங்கே சேர்ந்தது என்று காட்டும். ஹோன் மூர் அகழ்வில் கல் ரீவுக்கு அடியில் மர வேலியின் குச்சிக் குழிகள் கிடைத்தன. முதலில் வேலி போட்டு எல்லை குறித்து, பிறகு அதே கோட்டில் கல் அடுக்கியிருக்கிறார்கள். மேலே நின்று பார்த்தால் இது தெரியவே தெரியாது.

எலும்பு மட்டும் கிடைக்காது. மண் அமிலம், கரைத்துவிடும். அதனால்தான் ஷா மூர் அகழ்வு பெரிதாகப் பேசப்படுகிறது. 1970-களின் பிற்பகுதியில் கயோலின் களிமண் வெட்டுக்கு முன்பாகச் செய்தது. சேடில்ஸ்பரோ ரீவை ஒட்டிய பள்ளத்தின் அடியில் குளம்புத் தடங்கள் அப்படியே அச்சாகக் கிடைத்தன, மாட்டுடையது, ஆட்டுடையது. எலும்பு ஒன்றுகூட மிஞ்சாத இடத்தில் எந்த விலங்கை மேய்த்தார்கள் என்பதற்கு நேரடிச் சாட்சி அந்தச் சேற்றுத் தடம்.

#9 மேய்ச்சல்காரன்

தொல்நிலம் ஐயா குளம்பை எதிரிப் பட்டியலில் முதலில் போட்டிருக்கிறார். பாதிதான் சரி.

குளம்பே படாத ரீவ் என்ன ஆகும்? மொலினியா ஏறும். குளிர்காலத்தில் செத்து வெள்ளை வைக்கோலாகப் படுத்து, வருடா வருடம் அடுக்கு சேரும். அடுத்து கோர்ஸ், பெரணி. பத்துப் பதினைந்து வருடத்தில் வரப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியாத வரப்பை யாரும் காப்பாற்றுவதில்லை, வண்டி அதன் மேலேயே போகும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. டார்ட்மூரில் மந்தை எண்ணிக்கையை இயற்கைப் பாதுகாப்புக்காகக் குறைத்த பின் மொலினியா பரவியது பெரிய சர்ச்சையாகி, டேவிட் ஃபர்ஸ்டன் தலைமையில் தனி ஆய்வே நடந்தது, அறிக்கை 2023 டிசம்பர்.

ஆடு மொலினியாவைத் தொடாது. மாடும் மட்டக்குதிரையும்தான் தின்னும், அதுவும் மே முதல் ஜூலை வரை இளசாக இருக்கும்போது. ஆகஸ்டில் ஓட்டிப் பயனில்லை. எண்ணிக்கையைவிட மாதம் முக்கியம். "ஹெக்டேருக்கு இத்தனை" என்று வருட சராசரி எழுதுகிற தாளில் இந்த வித்தியாசமே தெரியாது. பிப்ரவரியில் சேற்றில் நிற்கும் பத்து மாடும் ஜூனில் நகர்ந்து நகர்ந்து மேயும் பத்து மாடும் ஒரே கணக்கில் வருகின்றன.

#10 தொல்நிலம்

மாதம் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கோடையிலும் மாடு ஒரே சீராக நிற்பதில்லை. தண்ணீர்த் தொட்டி, உப்புக்கட்டி, தீவனத் தொட்டி, காற்று மறைவு, உரசிக்கொள்ள ஒரு நிமிர்ந்த கல். இந்த ஐந்தில் ஒன்று வரப்புக்கு அருகே இருந்தால் போதும். 500 கிலோ மாடு நிமிர்ந்த கல்லில் தினம் உரசினால் அடியில் வட்டக் குழி விழும், அதில் தண்ணீர் தேங்கும், இன்னும் குழையும், கல் சாயும். மந்தையைக் குறை என்று நான் சொல்லவில்லை. தொட்டியை நகர்த்து என்கிறேன். உப்புக்கட்டியைக் காய்ந்த, வரப்பில்லாத மேட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

#11 மேய்ச்சல்காரன்

அப்படியென்றால் சண்டையே இல்லை 🙂 தொட்டியைப் பற்றி ஒன்று. குழாய் புதைக்காமல் தரைமேல் போட்டு நகர்த்துகிற தொட்டி வையுங்கள். புதைக்க வாய்க்கால் வெட்டினால் அதற்கே அனுமதி வேண்டியிருக்கும்.

#12 சிவகாமி_க

பெரணிக்கு வரேன், ஏன்னா ரீவுக்கு மாட்டைவிட மோசம் அதுதான், கண்ணுக்குத் தெரியாம செய்யுது. மேலே இருக்கிற ஓலை பிரச்சினை இல்லை. அடியில கிழங்குத்தண்டு அரை மீட்டர் ஆழம் வரைக்கும் படர்ந்து, அடுக்கடுக்கா இருக்கிற மண்ணைக் கலக்கி விட்டுடும். தொல்நிலம் சொன்ன பழைய நிலப்பரப்பு, மகரந்தம் எல்லாம் அந்த ஆழத்துக்குள்ளதான். வெளியில வரப்பு வடிவம் அழகா இருக்கும், உள்ளே படிக்க ஒண்ணும் மிஞ்சாது.

முன்னே அசுலம்ங்கிற களைக்கொல்லி தெளிச்சாங்க. 2011-இல் ஐரோப்பிய ஒன்றிய அங்கீகாரம் போச்சு, அப்புறம் வருஷா வருஷம் அவசர அனுமதியில ஓடுச்சு, அதுவும் நின்னுபோச்சு. இப்ப கையில இருக்கிறது வெட்டுறது, நசுக்குறது.

வெட்டுறதுன்னா வருஷம் ரெண்டு தடவை: ஜூன் நடுவுல ஒண்ணு, ஆறு வாரம் கழிச்சு ஒண்ணு. ஓலை விரிஞ்சு முடிக்கிற நேரத்துல கிழங்கிலிருந்த சேமிப்பு மேலே வந்திருக்கும், அப்ப வெட்டினாத்தான் இளைக்கும். குறைஞ்சது மூணு வருஷம் விடாம. ரெண்டு வருஷம் செஞ்சு நிறுத்தினா நாலாவது வருஷம் பழைய மாதிரியே நிக்கும், செலவழிச்ச பணம் வீண்.

சிக்கல் ரெண்டு. ஜூனில் வானம்பாடி, வின்சாட் மாதிரி தரையில கூடு கட்டுற பறவை இருக்கும். முதல்ல நடந்து பார்த்து, கூடு இருக்கிற பக்கத்தை விட்டுட்டு ஜூலை கடைசியில அங்கே வெட்டணும். அடுத்தது, ட்ராக்டர் உருளை வரப்பு மேல ஏறவே கூடாது. கல்லை அமுக்கிப் புரட்டிடும். பக்கத்துச் சமதரையில உருளை, வரப்பு மேல கை அரிவாளோ தோள்ல மாட்டுற வெட்டுக் கருவியோ. வெட்டின ஓலையை வரப்பு மேலயே விடாம வாரி எடுத்துடுங்க. மூடாக்கா கிடந்தா புல் ஏறாது.

கோர்ஸை வேரோட பிடுங்காதீங்க. தரையோட அறுத்துட்டு அடிக்கட்டையை அங்கேயே மக்க விடுங்க. மரத்துக்கும் அதே. காத்துல சாயுற மரம் வேரோட ஒரு வண்டி மண்ணைக் கிளப்பிக்கிட்டு வரும், அதனால சாயறதுக்கு முன்னாடியே அறுக்கறது நல்லது.

#13 கோட்டுரு

கொளுத்திவிடலாமே என்று யாராவது கேட்பதற்குள்: மேட்டுநிலத்தில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரைதான் சட்டப்படி எரிக்கலாம். ஈரம் இருக்கும்போது வேகமாக ஓடும் தீ மேல் வைக்கோலை மட்டும் எடுத்துவிட்டுப் போகும். முதிர்ந்த கோர்ஸ் நின்று எரியும், சூடு கீழே இறங்கும், பீட் பிடித்துக்கொள்ளும், கல் வெடிக்கும். வரப்பு மேல் கோர்ஸ் இருந்தால் முதலில் அறுத்து வெளியே கொண்டுபோய் விடுங்கள். வெட்டிய குவியலை வரப்பு மேலோ குடிசை வட்டத்துக்குள்ளோ வைத்து எரிக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வட்டம் காற்று மறைவாக வசதியாக இருக்கிறதாம்!

#14 நெல்வயல்

சட்டம் என்ன சொல்கிறது? பாதுகாக்கப்பட்ட தொல்சின்னப் பட்டியலில் சேர்ந்த நிலத்தில் விவசாயி ஒன்றுமே செய்ய முடியாதா?

#15 கல்வரப்பு

முடியும். 1979-இன் தொல்சின்னச் சட்டம்தான் அடிப்படை. பட்டியலிட்ட சின்னத்தில் தோண்டுவது, மண் கொட்டுவது, பழுதுபார்ப்பது எதற்கும் முன் அனுமதி தேவை. விண்ணப்பம் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசுத் தொல்சின்ன அமைப்பு வழியாகப் போகும், முடிவு அமைச்சர் பெயரில் வரும். கட்டணம் இல்லை. அனுமதி கிடைத்து 5 ஆண்டுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் காலாவதி.

ஆனால் 1994-இன் பொது அனுமதி ஆணை இருக்கிறது. கடந்த 6 ஆண்டுக்குள் அதே இடத்தில் சட்டப்படி செய்துவந்த அதே வகை விவசாய வேலையைத் தனி அனுமதி இல்லாமல் தொடரலாம். உழுத நிலத்தில் பழைய உழவு ஆழத்துக்குக் கீழே போகக் கூடாது. உழாத நிலத்தில் 300 மில்லிமீட்டருக்குக் கீழே மண்ணைக் கலைக்கும் எந்த வேலையும் இதில் வராது. அடிமண் உழவு, வடிகால், மரம் நடுவது, பிடுங்குவது, மேல்மண் வழிப்பது எல்லாம் விலக்கில் அடங்காது. மேய்ப்பதற்குத் தடையில்லை.

"முன்பு உழுதோம், இப்போதும் உழலாம்" என்ற வாதத்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு உழவும் மேட்டின் தலையைச் சீவிப் பள்ளத்தில் தள்ளுகிறது, ஆழம் அதே என்று அளவுகோலில் காட்டிக்கொண்டே. ரீவ்கள் பிழைத்தது அவை கிடக்கும் மேடு பிற்பாடு உழவுக்குத் தோதில்லாமல் போனதால். சட்டம் வந்தது நேற்று.

மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்கு: பட்டியலிட்ட இடத்தில் எழுத்து அனுமதி இல்லாமல் பயன்படுத்துவதே குற்றம், 42-ஆம் பிரிவு. எதுவும் எடுக்காவிட்டாலும். வேண்டுமென்று சிதைத்தால் 28-ஆம் பிரிவு, இரண்டாண்டுச் சிறை வரை போகும். இரும்புக் கம்பியால் குத்தி "கல் இருக்கிறதா" என்று பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

பட்டியலில் இல்லாத ரீவ்களும் ஏராளம். அதனால்தான் டார்ட்மூரில் 14 பகுதிகளைத் தலையாய தொல்லியல் நிலப்பரப்புகள் என்று குறித்து, அங்கே செடிகொடி மேலாண்மையில் தொல்லியலுக்கு முதலிடம் என்று எல்லா அமைப்புகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஒற்றை வரப்பைக் காப்பாற்றி, அது சேரும் வயலை விட்டுவிட்டால் என்ன பயன்?

#16 நெல்வயல்

புரிந்தது. இப்போது நேரடிக் கேள்வி. வரப்பில் மாட்டு வழி விழுந்து 3 மீட்டர் நீளம், 40 செ.மீ. ஆழத்துக்குப் புல் கிழிந்து கல் வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன வரிசையில் சரிசெய்வார்கள்?

#17 தொல்நிலம்

முதலில் மாடு ஏன் அங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பது. வாசலா, தொட்டியா, சேற்றைத் தவிர்க்க மேட்டில் ஏறுகிறதா. காரணத்தை மாற்றாமல் அடைத்தால் அடுத்த குளிர்காலத்தில் பக்கத்தில் இன்னொரு வெட்டு விழும்.

பிறகு பதிவு. அளவுகோலோடு படம், வெட்டு முகத்தை 1:20-இல் வரைவது. இலவசமாகக் கிடைத்த குறுக்குவெட்டு அது, வீணாக்கக் கூடாது. அனுமதி கைக்கு வந்த பின் உதிர்ந்த மண்ணைக் கையால் துடைத்து எடுக்கலாம். நிற்கிற கல்லை அசைக்காதீர்கள், ஓரத்தைச் செதுக்கி நேராக்காதீர்கள்.

வெட்டின் மேல் நீர் ஊடுருவும் ஜியோடெக்ஸ்டைல் துணி. பழைய மண் எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று நாளைக்குத் தோண்டுபவருக்கு அடையாளம். அதன் மேல் வெளியிலிருந்து கொண்டுவந்த, தொல்பொருள் இல்லாத அடிமண். 10 முதல் 15 செ.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் கைத்திமிசால் இறுக்க வேண்டும். 40 செ.மீ.யையும் ஒரே வீச்சில் கொட்டி மேலே மட்டும் தட்டினால், முதல் மழைக்காலத்தில் நடுவில் குழிந்து தண்ணீர் நிற்கும், பனி உறைந்து விரியும், எல்லாம் ஒன்றாகச் சரிந்து வெளியே வரும். கடைசியில் சுற்றுமட்டத்தைவிடச் சற்று உயர்த்தி விடுங்கள், அமுங்க இடம் வேண்டும்.

மேலே புல்தரைப் பாளம், மர முளையால் குத்தி. பாளங்களின் இணைப்பு சரிவுக்குக் குறுக்கே, செங்கல் கட்டுபோல் மாறி மாறி. சரிவோடு நேராக இணைப்பு வந்தால் தண்ணீர் அதையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். சணல் வலை போர்த்தலாம், தானே மக்கிவிடும். செப்டம்பர், அக்டோபரில் செய்தால் வேர் பிடிக்க ஈரமும் சூடும் இருக்கும்.

#18 மேய்ச்சல்காரன்

இதில் அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று: "அடிமண்" என்று எழுதியிருக்க, தோட்டக்கடை மேல்மண்ணைக் கொட்டுவார்கள். சத்து அதிகம். சுற்றிலும் வறண்ட அமிலப் புல், நடுவில் ஒரு திட்டு மட்டும் பச்சைப்பசேல் என்று இளம்புல். மேடு முழுக்க இருக்கிற ஆடு மாடெல்லாம் நேராக அங்கே வரும். இல்லாவிட்டால் முட்செடியும் களையும் ஏறும். சிறப்பு அறிவியல் நிலமாகவும் அறிவிக்கப்பட்ட பகுதியென்றால் வெளிமண்ணுக்கு அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் ஒப்புதலும் வேண்டும், அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

#19 டெவன்தமிழ்

வேலி பற்றி யாரும் சொல்லவில்லை. சரிசெய்த இடத்தைக் குறைந்தது ஒரு வளர்பருவம் மாடு படாமல் வைக்க வேண்டும். அதற்குத் தற்காலிக மின்வேலி. நிரந்தரக் கம்பம் வேண்டாம், ஒவ்வொரு கம்பக் குழியும் புதிய சிதைவு. பொது மேய்ச்சல் நிலத்தில் நிரந்தர வேலிக்கு 2006 பொதுநிலச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அனுமதியும் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

வேலியை வரப்பின் அடியை ஒட்டி இழுத்தால் மாடு வேலியோரமாகவே நடக்கும். புதிய தடம் வரப்பின் காலிலேயே விழும். நான்கைந்து மீட்டர் தள்ளிப் போடுங்கள். நேர்கோணங்கள் வேண்டாம், மூலையில் மந்தை அடைந்து நின்று மிதிக்கும்.

#20 பனிமலர்

வளைக்கரடி வளை இருந்தால்? தொல்நிலம் ஐயா பட்டியலில் அதுவும் இருந்தது.

#21 தொல்நிலம்

அதற்கும் தனிச் சட்டம், 1992. வளையை அடைப்பதோ கரடியைக் கலைப்பதோ உரிமம் இல்லாமல் குற்றம். உரிமம் நேச்சுரல் இங்கிலாந்திடம், வளைக்குள் வேலை செய்ய தொல்சின்ன அனுமதி வேறு. ஒருவழிக் கதவு வைத்து, கரடி வெளியேறியது உறுதியான பின்தான் மூட முடியும். குட்டி இருக்கும் காலத்தில், அதாவது டிசம்பர் முதல் ஜூன் வரை, பொதுவாக உரிமம் தருவதில்லை. ஆகவே விண்ணப்பத்தைக் கோடைத் தொடக்கத்திலேயே போட்டு, ஜூலை முதல் நவம்பருக்குள் வேலையை முடிக்கத் திட்டமிட வேண்டும். மூடிய பின் வெறும் மண் போட்டால் அதே இரவு தோண்டும், பிடிவாதக்காரப் பிராணி. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே கம்பிவலையைக் கிடையாகப் பரப்பி மண் மூடிப் புல் போடுகிறார்கள். வலையைச் செங்குத்தாகப் புதைக்க வாய்க்கால் வெட்டக் கூடாது.

முயல் என்றால் இவ்வளவு சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் வளையைத் தோண்டிப் பிடிக்கிற வேலை மட்டும் வரப்பில் ஆகவே ஆகாது.

#22 கல்வரப்பு

கோட்டுரு, டார்ட்மீட் பகுதிக்கு இரண்டு திசை ஹில்ஷேட்டும் ஸ்கை வியூவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட முடியுமா? திசை மாறினால் தொகுதி மறைவதை எழுத்தில் விளக்குவதைவிடப் படத்தில் காட்டுவது எளிது.

#23 கோட்டுரு

போடுகிறேன். மூன்றுக்கும் ஒரே அளவுத்திட்டம் 1:5000, ஒரே சாம்பல் அளவு வைக்கிறேன், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. ஆற்றின் இரு கரையும் ஒரே சட்டத்துக்குள் வரும். பள்ளத்தாக்கின் அடியில் மரம் அடர்த்தி, அங்கே லேசர் புள்ளி குறைவாக விழுந்து படம் முக்கோண முக்கோணமாக உடைந்திருக்கும். அதை வரப்பு என்று யாரும் குறிக்க வேண்டாம்.